வெறுந்தண்ணி

கொதித்து ஆறிய தண்ணீரை மறுபடி கொதிக்கவைத்துப் போடும் தேநீரில் உயிர் இருக்காது என்பது திலக்ஷனின் கட்சி. தண்ணீருக்குள் கரைந்து கிடக்கும் காற்று முதல் கொதியிலேயே வெளியேறிவிடுகிறது. இரண்டாம் முறை அடுப்பேறும் தண்ணீர் நாக்கில் தட்டையாக விழும். அதனால் ஸ்டோரில் இரவு வேலை முடிந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்ததும் கேத்தலில் மிச்சமிருப்பதை வாசலிலுள்ள டேலியாச் செடிக்கு ஊற்றுவான். பிறகு ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்குப் போய்ப் புதிதாகப் பிடித்துவருவான். சட்டை மாற்றுவதெல்லாம் அதற்கப்புறம்தான்.

ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. மஸ்கெலியாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் அதை வேறு பெயரால் யாரும் சொல்வதில்லை. அங்கே அரைத்து, காயவைத்து, சலித்து எடுக்கும் ஒவ்வொரு வகையிலும் ஒரு சிட்டிகை எடுத்து, வெள்ளைக் கோப்பைகளில் ஊறவைத்து, ஜன்னலோர மேசையில் வரிசையாக வைப்பது திலக்ஷனின் வேலை. டீ மேக்கர் ஐயா வந்து ஒவ்வொன்றாக உறிஞ்சிப் பார்த்துத் துப்பிவிட்டுப் போவார். துப்புவதற்காகப் போடும் தேநீரைக்கூடத் திலக்ஷன் குடிப்பதற்காகப் போடுவதைப் போலத்தான் போடுவான்.

அப்படிப்பட்டவன் தன் வீட்டில் எப்படிப் போடுவான் என்று சொல்ல வேண்டியதில்லை. முதலில் தேநீர் ஊறவைக்கும் போச்சியில் கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சுழற்றி ஊற்றிவிடுவான். குளிர்ந்த பாத்திரம் சூட்டைத் திருடிக்கொண்டால் இலை சரியாக விரியாது. பிறகு தூள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய கணத்தில் ஊற்றி, மூடி, மேலே துணி போர்த்திக் காத்திருப்பான். தூளைப் போட்டு அடுப்பில் வைத்துக் காய்ச்சுவது அவனுக்கு ஆகாது. அப்படிக் காய்ச்சினால் வாசனை ஆவியோடு போய்விடும், மிஞ்சுவது முரட்டுத் துவர்ப்பு மட்டும்தான்.

"ஒரு தண்ணிக்கு இம்புட்டுச் சடங்கா?" என்று பக்கத்து வீட்டுக் காம்பிராவிலிருந்து ராக்காயி எட்டிப் பார்ப்பாள். லயத்தில் 'தண்ணி' என்றாலே தேநீர்தான். "எங்க வீட்டுக்காரருக்கு தூளு மெதந்தாலும் கவல இல்ல. ஊதிட்டுக் குடிச்சிருவாரு."

"அதான் அக்கா, ஊதி ஊதி அவருக்குக் கன்னம் உப்பிப்போச்சு," என்பான் திலக்ஷன்.

கேட்க ஆள் கிடைத்தால் அவன் விளக்குவான். அவன் மனைவி கிருஷாந்தி கேட்பாள். கொழுந்து பறிக்கிறவள்தான் அவள். ஆனால் நிறுத்துப் போட்ட பிறகு அந்தக் கொழுந்து என்ன ஆகிறது என்பது அவளுக்குப் பாதிதான் தெரியும்.

"பச்சத் தேயிலையும் கறுப்புத் தேயிலையும் வேற வேற செடின்னு நெனைக்கிறாங்க புள்ள. எல்லாம் ஒரே செடிதான். பறிச்ச கையோட ஆவி காட்டிட்டா அது பச்சையாவே நின்னுரும். வாடவிட்டு, அரைச்சு, சாறு வெளிய வந்து காத்துல பட்டுச்சுன்னா கொஞ்சங் கொஞ்சமா செம்பு நெறத்துக்கு வரும். வெட்டிவச்ச வாழக்கா கறுக்குதில்ல, அந்தக் கததான். சரியான பதத்துல சூடு குடுத்து அத நிறுத்தணும். எங்க நிறுத்துறோம்கிறதுலதான் ருசியே."

"அப்ப டஸ்ட்டு?"

"அதுவும் அதே எலதான். சலிக்கையில கடைசியா கீழ விழுறது. சட்டுன்னு சாயம் எறங்கும், கடைக்காரங்களுக்குத் தோது. மேல நிக்கிற நீட்டு எலைக்கு வாசம் கூட, சாயம் கம்மி. நடுவுல ஒண்ணு விழும் பாரு, ரெண்டும் சேந்தது. அதுதான் உனக்கு."

தேயிலையின் துவர்ப்பு இரத்தக் குழாய்களுக்கு நல்லது, பல்லுக்கு நல்லது, சோர்வைப் போக்கும் என்றும் அவன் சொல்வான். அது பொய்யில்லை. ஆனால் துவர்ப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. அந்தக் குணத்தால்தான் அந்த வருடம் கிருஷாந்திக்குக் கஷ்டம் வந்தது.

அவள் முழுகாமல் இருப்பது தெரிந்ததும் தோட்டத்துக் கிளினிக்கில் இரும்புச் சத்துக் குளிசை கொடுத்தார்கள். கொடுத்தவர் நில்மினி என்ற பேறுகால மருத்துவமாது. கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெண்மணி. பயிற்சி வகுப்பில் தமிழ் கற்றுக்கொண்டு, பிழை வந்தாலும் கூச்சப்படாமல் பேசுகிறவர்.

"இது பால் போட்டதோட குடிக்க வேண்டாம்," என்று அவர் விரலை ஆட்டிச் சொன்னார். "வெறும் தண்ணி. வெறும் தண்ணியில மட்டும் குடிங்க. மறக்கக் கூடாது."

அன்றே திலக்ஷன் பால்மா டப்பாவைத் தூக்கி மேல்தட்டில் வைத்தான். லயத்தில் பால் சேர்த்தால் பால் தண்ணி, சேர்க்காவிட்டால் வெறுந்தண்ணி. மிஸ் வெறுந்தண்ணியில் குடிக்கச் சொல்லியிருக்கிறார். பால் இல்லாமல் சப்பென்று இருந்துவிடக் கூடாதே என்று அரைக் கரண்டித் தூள் கூடுதலாகவும் போட்டான்.

பிறகு ஒவ்வொரு காலையும் அதே போலத்தான். அவன் தேநீரை ஆற்றிக் கொண்டுவருவான். அவள் வாசற்படியில் உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டுவாள். குளிசையை அவனே வைப்பான். அவள் அதை வாயில் போட்டு, சூடான தேநீரை ஒரு மடக்கு விழுங்கி, முகத்தைச் சுளித்து, அடுத்த மடக்கில் சிரிப்பாள். அவன் இரவெல்லாம் ஸ்டோரில், பகலெல்லாம் தூக்கத்தில். இருவரும் ஒன்றாக உட்காரக் கிடைப்பது அந்த நேரம் மட்டும்தான். மீதித் தேநீரை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டு, கீழே நீர்த்தேக்கத்தின் மேல் பனிமூட்டம் கலைவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வயிறு நன்றாகத் தெரியத் தொடங்கிய மாதத்தில், டிக்கோயா ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் எட்டரை இருந்தது. முந்தைய சோதனையிலும் அதேதான்.

"குளிசை குடிக்கிறீங்களா?" என்று டொக்டர் அம்மா கேட்டார். "உண்மையச் சொல்லுங்க, நான் ஏச மாட்டேன். சில பேர் வயித்தப் பிரட்டுதுன்னு தூக்கிப் போட்டுருவாங்க."

"குடிக்கிறேன் டொக்டர்."

"தவறாம?"

"தவறாம."

டொக்டர் அம்மா நம்பாதவர் போல அவளைப் பார்த்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். பிரசவத்தில் எல்லாப் பெண்களுக்கும் இரத்தம் போகும். உடம்பில் போதுமான அளவு இருக்கிறவர்கள் அதைத் தாங்கிக்கொள்வார்கள். "உங்களுக்குத் தாங்குறதுக்கு மிச்சம் இல்ல, அம்மா. அடுத்த முறையும் ஏறலன்னா கண்டிக்குத்தான் அனுப்பணும். பிள்ளை பிறக்கிற வரைக்கும் அங்க வார்ட்ல இருக்கணும். தேவைப்பட்டா ரத்தமும் ஏத்துவாங்க."

திரும்பி வரும் பஸ் நோர்வூட் தாண்டியதும் கிருஷாந்தி அவன் பக்கம் திரும்பினாள்.

"நான் தூக்கிப் போடுறேன்னு நெனைக்கிறாங்க," என்றாள்.

"நான்தானே குடுக்கிறேன். எனக்குத் தெரியாதா?"

"நீங்க சொன்னா எடுபடுமா? புருசன் பொண்டாட்டிக்குத்தான் பேசுவான்னு சொல்வாங்க." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்தாள். "கண்டியில யாரத் தெரியும் நமக்கு? வலி வந்தா யாரக் கூப்பிடுவேன்?"

"நர்ஸ் இருப்பாங்க."

"நர்ஸு நீங்களா?"

பஸ் ஒரு வளைவில் திரும்பியபோது அவள் அவன் தோளில் சாய்ந்தாள், சாய்ந்தபடியே இருந்தாள்.

"எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா—"

"பேசாம வா புள்ள."

மறுநாள் காலை அவன் தேநீரை வழக்கத்தைவிடத் திக்காகப் போட்டான். அவளுக்குத் தெம்பு வர வேண்டும் என்பதைத் தவிர அவன் மனதில் ஒன்றுமில்லை.

சோதனையின் விவரம் தெரிந்து நில்மினி மிஸ் வீட்டுக்கே வந்தார். லயம் மேட்டில் இருக்கிறது. அன்று வெயிலும் சுள்ளென்று அடித்தது. மூச்சு வாங்க வந்தவருக்கு ராக்காயி தன் வீட்டு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். அவர் குளிசை அட்டைகளை வாங்கிப் பார்த்தார். குளிசை எடுத்த வெற்றுக் குழிகள் கணக்குக்குச் சரியாகத்தான் இருந்தன. என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். முருங்கை இலை, நெத்தலி, பருப்பு, வாரத்தில் சில நாள் முட்டை. அதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"வெறும் தண்ணியிலதானே குடிக்கிறீங்க?"

"ஆமாங்க மிஸ்," என்றான் திலக்ஷன். "நான்தான் என் கையால குடுக்கிறேன்."

நில்மினி நெற்றியைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். அவருக்குப் பிடிபடவில்லை.

"மிஸ்ஸுக்குக் குடிக்க ஏதாச்சும் கொண்டாரேன்."

"பால் தேத்தண்ணி வேண்டாம். எல்லா வீட்டிலயும் அது குடுத்து வயிறு எரியுது. வெறும் தண்ணி மட்டும் கொஞ்சம் குடுங்க. தாகம்."

திலக்ஷனுக்குச் சந்தோஷம். பாலைக் கொட்டி ருசியை மூடாமல் வெறுந்தண்ணி கேட்கிற விருந்தாளி அபூர்வம். கேத்தலை எடுத்துக்கொண்டு பீலிக்கு நடந்தான்.

"எங்க போறார்?" என்றார் நில்மினி.

"தண்ணி பிடிக்க மிஸ். புதுசா பிடிச்சாத்தான் அவருக்கு மனசு ஒப்பும்."

உள்ளே கேஸ் அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது.

"கொதிக்க வைக்கிறாரா? ரொம்ப நல்லம். நான் எல்லாருக்கும் சொல்றது. இந்த லயத்தில இவர்தான் கேக்கிறார்."

"அவரு யாரு சொல்லியும் செய்யல மிஸ், பொறந்ததுலருந்தே அப்படித்தான்," என்றாள் ராக்காயி.

கொஞ்ச நேரம் கழித்துத் திலக்ஷன் கண்ணாடிக் கோப்பையை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தான். வெயில் பட்டு அது தேன் போல மின்னியது. நில்மினி கோப்பையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மறுபடி கோப்பையைப் பார்த்தார்.

"நான் வெறும் தண்ணி கேட்டேன்."

"வெறுந்தண்ணிதான் மிஸ். ஒரு சொட்டுப் பால் சேக்கல."

"இது வெறும் தண்ணி?"

"ஆமாங்க."

நில்மினி கதவோரம் நிறைந்திருந்த வாளியைக் காட்டினார். "அப்ப அது?"

"அது பச்சத்தண்ணி மிஸ்," என்றாள் கிருஷாந்தி.

நில்மினி கோப்பையை வாங்கிப் படியில் மெதுவாக வைத்தார். "அம்மா," என்றார், குரலைத் தாழ்த்தி. "நீங்க குளிசை எந்தத் தண்ணியில குடிக்கிறீங்க?"

கிருஷாந்தி படியில் இருந்த கோப்பையைக் காட்டினாள்.

"அனே," என்று நில்மினி தலையில் கை வைத்துக்கொண்டார். "எனக்குத் தமிழ் படிப்பிச்ச சேர், பச்சத்தண்ணின்னு ஒரு தண்ணி இருக்குன்னு சொல்லவே இல்ல."

ராக்காயி சிரிக்கத் தொடங்கி, மற்றவர்களின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நில்மினி விளக்கினார். இரும்பும் தேயிலையும் வயிற்றுக்குள் ஒன்றாகப் போகக் கூடாது. தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட இரும்பை உடம்பால் உறிஞ்ச முடியாது. வந்த வழியே அது வெளியே போய்விடும். குளிசைக்கு மட்டுமல்ல, முருங்கை இலைக்கும் பருப்புக்கும் அதே கதிதான்.

திலக்ஷன் உள்ளே போய் ஒரு குளிசையை எடுத்துவந்தான். மேல்தோலைச் சுரண்டி, கரண்டியால் பொடித்து, நில்மினிக்காகப் போட்ட தேநீரில் தட்டினான். பொடி விழுந்த இடத்திலிருந்து ஒரு கறுப்பு இறங்கிப் பரவியது. அவன் கலக்கினான். தேன் நிறம் முழுவதும் போய், பள்ளிக்கூடத்து மைக்கூட்டில் இருப்பது போல ஆனது. நான்கு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்டோர்ல எல அரைக்கிற மேசைக்குப் பித்தளத் தகடு அடிச்சிருக்கோம் மிஸ்," என்றான் அவன். "ஏன்னு எனக்குத் தெரியும். இரும்புல சாறு பட்டா கறுத்துப்போகும். புதுசா வர்றவங்களுக்கு நான்தான் அதச் சொல்லிக்குடுக்கிறேன்." அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "தினமும் என் கையாலயே குடுத்திருக்கேன். அர கரண்டி கூடப் போட்டு."

"ஏங்க," என்றாள் கிருஷாந்தி. "எனக்குள்ள பித்தளத் தகடு அடிக்கலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ராக்காயி இப்போது அடக்க முடியாமல் சிரித்தாள். நில்மினியும் சிரித்தார். திலக்ஷனுக்குச் சிரிப்பு வரவில்லை. கிருஷாந்தி எழுந்து வந்து அந்தக் கறுத்த கோப்பையை அவன் முன்னாலிருந்து எடுத்து முற்றத்து ஓரத்தில் ஊற்றினாள்.

"இன்னும் நேரம் இருக்கு," என்றார் நில்மினி. "உடம்பு இரும்புக்குப் பசியா இருக்கு. குடுத்தா எடுக்கும்." காலையில் குளிசை, பச்சத்தண்ணியில். அந்தச் சொல்லை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதில் தேசிக்காய் பிழிந்தால் இன்னும் நல்லது. புளிப்பு இரும்பை உள்ளே இழுத்துக்கொடுக்கும். தேநீரை அடியோடு விட வேண்டாம். காலைச் சாப்பாடு செரித்த பிறகு, மதியச் சாப்பாட்டுக்கு நன்றாக முன்னால், ஒரு கோப்பை. சாயங்காலமும் அப்படி ஒன்று வேண்டுமானால் பரவாயில்லை. அதற்கு மேல் வேண்டாம்.

போவதற்கு முன் அவர் கிருஷாந்தியின் கீழ் இமையை விரலால் இழுத்துத் திலக்ஷனுக்குக் காட்டினார். "இங்க பாருங்க. ரத்தம் இருக்கிறவங்களுக்கு இது சிவப்பா இருக்கும். இப்ப எப்படி?"

வெளுத்திருந்தது. இவ்வளவு நாள் அவள் முகத்தைப் பார்த்தும் அவன் அங்கே பார்த்ததில்லை.

நில்மினி அடுத்த காம்பிராவுக்குப் போனார். அதற்கடுத்த காம்பிராவிலும் ஒரு கர்ப்பிணி இருந்தாள். "நீங்க குளிசை எந்தத் தண்ணியில குடிக்கிறீங்க?" என்ற கேள்வி லயம் முழுக்க ஒவ்வொரு வாசலிலும் கேட்டது. நான்கு வீட்டிலிருந்து "வெறுந்தண்ணிதான் மிஸ்" என்ற பதிலும் கேட்டது.

மறுநாள் காலை திலக்ஷன் கேத்தலை எடுத்து, பிறகு வைத்துவிட்டான். பச்சத்தண்ணியில் தேசிக்காய் பிழிந்து கொண்டுவந்தான். கிருஷாந்தி விழுங்கினாள், ஓங்கரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு அடக்கினாள்.

"துருப்பிடிச்ச ஆணிய நக்குன மாதிரி இருக்கு."

"கொஞ்சம் சீனி போடவா?"

"வேணாம். போடுங்க. கொஞ்சமா."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். கையில் எதுவும் இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முழங்காலில் வைத்தான், பிறகு கட்டிக்கொண்டான்.

"ஹட்டன் பஸ்ஸ விட்டவரு மாதிரி உக்காந்திருக்கீங்க," என்றாள் அவள். பிறகு அவன் கையை எடுத்து, பிள்ளை உதைக்கிற பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அந்தக் காலை அப்படியே போயிற்று. தேநீர் இல்லாமலும் பனிமூட்டம் கலைந்தது.

சிக்கல் அவளுடைய அந்த ஒரு கோப்பையில்தான் இருந்தது. சாப்பாடு செரிக்கும்வரை காத்திருந்து தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுப்பேன் என்று அவன் அடம்பிடித்தான். இரவு முழுக்க நின்று வேலை செய்தவன், சுவரில் சாய்ந்தபடி தலை ஆடத் தூங்கி விழுந்தான். இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் அவனைப் பாயில் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினாள்.

அன்று தேநீரை அவளே போட்டாள். அவன் எழும் நேரத்துக்கு அவனுக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது: மறுகொதித் தண்ணீர். போச்சியைச் சூடாக்கவும் இல்லை.

"எப்படி?"

"நல்லாருக்கு," என்று முழுவதையும் குடித்தான். அது உண்மையாகவே நன்றாக இருந்ததும் அவனுக்கு வியப்பாக இருந்தது.

தினமும் ஸ்டோரிலிருந்து வந்ததும் அவளை வாசலில் வெளிச்சம் பார்த்து நிறுத்தி இமையை இழுத்துப் பார்த்தான். நிறம் பார்ப்பது அவன் தொழில். ஒரே நேரத்தில் ஊறவைத்த இரண்டு கோப்பைகளில் எது ஒரு சாயல் கூட என்று சொல்லிவிடுவான். ஆனால் இங்கே அவனால் தன்னை நம்ப முடியவில்லை. ஒரு நாள் சிவந்திருப்பது போல இருக்கும். மறுநாள் அது ஆசையாக இருக்குமோ என்று தோன்றும். பக்கத்தில் வைத்து ஒப்பிட நேற்றைய இமை கிடைப்பதில்லை.

"என்ன சொல்றாரு டீ மேக்கரு?" என்பாள் அவள், கண்ணீர் வழிய.

"தெரியல புள்ள."

"துப்பிராதீங்க."

டிக்கோயாவில் அடுத்த கிளினிக் நாளன்று மழை தூறிக்கொண்டிருந்தது. ஆண்கள் உள்ளே போக முடியாது. திலக்ஷன் தாழ்வாரத்தில் தூணோரம் நின்றான். தேவைப்பட்டால் அங்கிருந்தே கண்டிக்குப் போவதற்காக ஒரு பையில் அவளுடைய உடுப்புகளை மடித்து எடுத்துவந்திருந்தார்கள். அந்தப் பை அவன் காலடியில் இருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தான். யார் யாரோ வந்தார்கள்.

கடைசியில் கிருஷாந்தி வந்தாள். கதவில், நான்கைந்து பெண்களுக்கு நடுவில் நின்றாள். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. அவனைத் தேடிக் கண்டுபிடித்து, நின்ற இடத்திலிருந்தே சுட்டுவிரலால் தன் கீழ் இமையை இழுத்துக் காட்டினாள்.

"கண்ணுல என்ன?" என்று பின்னால் வந்த நர்ஸ் கேட்டார்.

"ஒண்ணுமில்ல மிஸ். அங்க ஒருத்தருக்குக் காட்டணும்."

அவன் பையைத் தூணோரமே விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் வந்தான்.

"பத்தத் தாண்டிருச்சாம்," என்றாள் மெதுவாக. "இன்னும் ஏறணும், ஆனா ஏறுதாம். கண்டி வேணாமாம். இங்கயே பெத்துக்கலாமாம்."

அவன் அவள் தாடையைப் பிடித்து, முகத்தை மழை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினான்.

"அதான் சொல்லிட்டாங்கல்ல," என்றாள் அவள். ஆனால் இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, கொஞ்சம் வழி விடுங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். திலக்ஷன் பார்வையை எடுக்காமலே அவளையும் இழுத்துக்கொண்டு ஓர் அடி தள்ளி நின்றான்.